ஐ.சி.யூ.வில் சொல்லும் 'ஃபிப்டி ஃபிப்டி': அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்பவர் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பத்து இளைஞர். அவருடைய அம்மாவுக்கு வயது 56, கொழுந்து பறிக்கும் வேலை. ஒரு வாரமாகக் காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல். ஊட்டியில் சேர்த்ததும் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், முற்றி, தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் ஆகிவிட்டது என்று சொல்லி வென்டிலேட்டர் போட்டிருக்கிறார்கள். மறுநாள் கோவைக்கு மாற்றம். ஊட்டியில் 'சோஃபா ஸ்கோர் 12' என்றார்களாம், கோவையில் 11. "ஃபிப்டி ஃபிப்டிதான் சொல்ல முடியும்" என்றாராம் டாக்டர். அண்ணன் இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்ததில் அதுவும் 50 சதவீதம் என்றே காட்டுகிறது. ஏ.ஐ. மாடல்கள் இன்னும் துல்லியமாகச் சொல்லுமாமே என்றும் கேட்கிறார். பெரியப்பாவோ, "பாவம், கஷ்டப்படுத்தாம வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்" என்கிறார். இந்த எண்ணை நம்பி அப்படி முடிவெடுக்கலாமா?

தம்பி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எண்ணை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். ஆபத்து பெரியது, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட எண் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்வது குறைவு. அடுத்த இரண்டு மூன்று நாளில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த 11 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சோஃபா என்பது ஆறு உறுப்புகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. நுரையீரல், ரத்தம் உறைதல், கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம். அதிகபட்சம் 24. எண் கூடக் கூட நிலைமை மோசம். இது 1996-ல் வந்தது. உறுப்புகள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று நாளுக்கு நாள் குறித்து வைக்கத்தான் செய்தார்கள். மரணத்தைக் கணிக்கும் வேலை பிற்பாடு அதன் தலையில் ஏறியது.

நீங்கள் அனுப்பியிருந்த கோவை ரிப்போர்ட்டில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 62,000, அதற்கு 2. கல்லீரலைக் காட்டும் பிலிருபின் 2.4, அதற்கு 2. விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் என்கிற பிரஷர் மருந்து குறைந்த அளவில் ஓடுகிறது, அதற்கு 3. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் 1.6, அதற்கு 1. மயக்க மருந்து கொடுக்கும் முன்பு நல்ல நினைவோடு பேசிக்கொண்டிருந்தார், ஆகவே மூளைக்கு 0. இதுவரை 8. இந்த 8 இரண்டு ஊரிலும் மாறவில்லை. மாறியது நுரையீரல் மதிப்பெண் மட்டும்: ஊட்டியில் 4, கோவையில் 3. அந்த ஒரு புள்ளிதான் 12-ஐ 11 ஆக்கியது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

நுரையீரல் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு என்று ஏ.பி.ஜி. டெஸ்டில் பார்த்து, நோயாளிக்குக் கொடுக்கும் ஆக்சிஜன் விகிதத்தால் வகுக்கிறார்கள். இதை பி.எஃப். ரேஷியோ என்போம். 400-க்குக் கீழே போனால் 1, 300-க்குக் கீழே 2. வென்டிலேட்டர் போன்ற உதவியோடு 200-க்குக் கீழே 3, 100-க்குக் கீழே 4. அம்மாவுக்கு ஊட்டியில் 92, கோவையில் 118.

இந்தக் கோடுகளையெல்லாம் போட்டவர்கள் பெரும்பாலும் தாழ்வான ஊர்களில் இருக்கும் மருத்துவமனைகளை மனதில் வைத்துப் போட்டார்கள். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவில். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் என்றால் ஊட்டியில் 580-ஐ ஒட்டித்தான் வரும். காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் அழுத்தம் குறைவதால் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆக்சிஜனின் அழுத்தம் சென்னையில் 150 என்றால் ஊட்டியில் சுமார் 112. நன்றாக நடமாடும் ஊட்டிக்காரர் ஒருவருக்கு ஏ.பி.ஜி. எடுத்தாலும் ஆக்சிஜன் 65, 70 என்று வரும். 0.21-ஆல் வகுத்தால் ரேஷியோ 300-ஐச் சற்றுத் தாண்டி நிற்கும். அதாவது எந்த நோயும் இல்லாதவருக்கே சோஃபாவில் ஒரு புள்ளி. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 93, 94 காட்டினால் கோவையில் பதறுவோம். ஊட்டியில் அது பலருக்கு அன்றாடம்.

சுவாசச் செயலிழப்பின் கடுமையான வடிவத்தை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறோம். 2012-ல் அதற்கு இலக்கணம் எழுதியவர்களே, 1,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தார்கள். நடைமுறையில் அந்த வரியைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. தோராயமாகக் கணக்குப் போட்டால், கடல் மட்டத்தில் 300 என்று போட்ட கோடு ஊட்டியில் 230 அளவுக்கு இறங்க வேண்டும், 100 என்ற கோடு 76-க்கு. அப்படிப் பார்த்தால் ஊட்டியில் எடுத்த 92, 'மிகக் கடுமை' வரிசையில் வந்திருக்கவே வேண்டியதில்லை.

இது இரண்டு பக்கமும் வெட்டும். ஊட்டியில் 12 என்று கேட்டு நீங்கள் பயந்ததில் ஒரு பங்கு மலையின் உயரத்தால் வந்தது. அதேபோல கோவையில் 11 ஆனதும் 'குறைந்துவிட்டது' என்று வந்த நிம்மதியிலும் ஒரு பங்கு மலை இறங்கியதால் வந்ததுதான். ஆம்புலன்ஸ் பர்லியாரைத் தாண்டிக் கல்லாறு பக்கம் வரும்போதே மானிட்டரில் ஆக்சிஜன் இரண்டு மூன்று புள்ளி ஏறும். கூட வரும் சொந்தக்காரர்கள் முகம் மலரும். நுரையீரல் அந்த இரண்டு மணி நேரத்தில் ஆறியிருக்காது. ஆகவே ஊட்டி எண்ணையும் கோவை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். கோவையில் எடுத்த முதல் எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

இனி அந்த 50 சதவீதம். அண்ணன் பார்த்த மாதிரியான கால்குலேட்டர்களில் பலவும் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரே ஒரு ஐ.சி.யூ.வில் 352 நோயாளிகளைப் பார்த்து 2001-ல் வெளிவந்த ஆய்வையே அடித்தளமாகக் கொண்டவை. அதில் தொடக்க ஸ்கோர் 11-க்கு மேல் போனவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் இறந்தார்கள். இதைப் பார்த்துத்தான் பலர் நிலைகுலைந்து போகிறார்கள். அதே ஆய்வில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. முதல் 48 மணி நேரத்தில் ஸ்கோர் ஏறியவர்களில், எந்த எண்ணில் தொடங்கியிருந்தாலும், குறைந்தது பாதிப் பேர் இறந்தார்கள். இறங்கியவர்களில் இறந்தவர்கள் 27 சதவீதத்துக்கும் குறைவு. தொடங்கிய இடத்தைவிட நகரும் திசை அதிகம் பேசுகிறது. கால்நூற்றாண்டு கழிந்தும் நான் ரவுண்ட்ஸில் முதலில் பார்ப்பது நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்.

50 சதவீதம் என்றால் உங்கள் அம்மா பாதி பிழைப்பார் என்று ஒன்றும் கிடையாது. இதே ரிப்போர்ட்டோடு நூறு பேர் வந்தால் ஐம்பது பேர் வீடு திரும்புவார்கள், ஐம்பது பேர் திரும்ப மாட்டார்கள் என்பதே அதன் பொருள். அந்த நூறில் அம்மா எந்தப் பக்கம் என்று முதல் நாள் யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று யாராவது அடித்துப் பேசினால் நம்பாதீர்கள். உங்கள் டாக்டர் 'ஃபிப்டி ஃபிப்டி' என்றது கையை விரித்ததாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததை நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்.

பிரஷர் மருந்தும் தேவைப்பட்டு, போதுமான சலைன் கொடுத்த பிறகும், உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் 2-க்கு மேல் நிற்கும் நிலையைச் செப்டிக் ஷாக் என்கிறோம். 2016-ல் வந்த இலக்கணம் அது. அந்த நிலையில் மருத்துவமனையிலேயே இறப்பவர்கள் 40 சதவீதத்துக்கு மேல். அம்மாவுக்கு லாக்டேட் 3.8 என்று இருக்கிறது, ஆகவே இந்தக் கூட்டத்தில் அவரும் வருகிறார். நான் ஆறுதலுக்காக எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இந்த ஸ்கோர் எதற்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எந்தக் கிருமி என்று அதற்குத் தெரியாது. எத்தனையோ மாதம் படுக்கையில் கிடந்து, எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காத கிளெப்சியெல்லா தொற்றோடு வரும் ஒருவருக்கும் 11. நேற்றுவரை கூடையைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்கி, சின்னப் பூச்சி கடித்து ஸ்க்ரப் டைபஸ் வந்தவருக்கும் 11. இவர்கள் இருவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது.

ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு வகைப் பூச்சியின் குஞ்சு. புதரும் புல்லும் மண்டிய இடத்தில் இருக்கும். நீலகிரியிலும் பழனி மலையிலும் அடிவாரக் கிராமங்களிலும் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நிறையப் பார்க்கிறோம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலி இருக்காது, அரிப்பும் பெரும்பாலும் இருக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பில் பாவாடை நாடா அழுந்தும் இடம் என்று மறைந்திருக்கும். கூச்சப்பட்டுக் காட்டாமல் விடுவதும், பார்க்கிற டாக்டர் தேடாமல் விடுவதும் நடக்கிறது. அம்மாவுக்கு ஊட்டியில் முதுகுக்குக் கீழே அதைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டாக்டர் செய்தது பெரிய காரியம். கண்டுபிடித்த அன்றே டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. இறப்பு, விடாத சிக்கல்கள், தணியாத காய்ச்சல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியபோது, இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம், ஒன்று மட்டும் பெற்றவர்களில் 47, 48 சதவீதம். அம்மாவுக்கு இரண்டும் ஓடுகிறதா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. பிளேட்லெட் குறைவும் பிலிருபின் ஏற்றமும் இந்தக் காய்ச்சலோடு சேர்ந்தே வருபவை. மருந்து பிடித்துவிட்டால் சில நாளில் தாமாகத் திரும்பும். அம்மாவின் 11-ல் 4 புள்ளி இந்த இரண்டால் வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏ.ஐ. மாடல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செப்சிஸோடு சுவாசச் செயலிழப்பும் உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பைக் கணிக்கிறோம் என்று நிறைய ஆய்வுகள் வருகின்றன. பலவற்றுக்கும் தீனி, மிமிக் என்ற தரவுத்தளம். அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரே பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ. பதிவுகள் அவை. வயது, லாக்டேட், யூரியா, சிறுநீர் அளவு, மூச்சு விடும் வேகம், உடல் சில்லிட்டுப் போவது, புற்றுநோய் இருக்கிறதா என்பது போன்ற விஷயங்களே திரும்பத் திரும்ப மேலே வருகின்றன. நல்ல மாடல் என்றால், இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் ஜோடியாக வைத்தால் நூறு ஜோடியில் எண்பதில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று சரியாகச் சொல்லும். வரிசைப்படுத்துவதில் அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 'இவருக்கு 62 சதவீதம்' என்று அது சொல்லும் எண் வேறு ஊருக்கு வரும்போது அப்படியே பொருந்தாது. பாஸ்டன் கடற்கரை நகரம். அங்கே 2,240 மீட்டர் உயரத்தில் எடுத்த ஏ.பி.ஜி. கிடையாது. ஸ்க்ரப் டைபஸும் அவர்கள் ஐ.சி.யூ.வில் காணக் கிடைக்காத நோய். அந்தத் தரவில் உங்கள் அம்மா மாதிரி ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

நம் ஊர்க் கணக்கிலும் ஓட்டை உண்டு. நிலைமை மோசமானதும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் வழியிலோ வீட்டிலோ இறந்தால் மருத்துவமனைப் பதிவில் அது 'இறப்பு' ஆகாது. இன்னொரு பக்கம், ஸ்கோர் அதிகம் என்பதற்காகவே சிகிச்சையை விட்டுவிட்டால், அவர் இறந்த பிறகு 'ஸ்கோர் சரியாகத்தான் சொன்னது' என்று ஆகிவிடும். இது எனக்கு உண்மையாகவே பயம் தரும் விஷயம். கணிப்பு தன்னைத் தானே நிரூபித்துக்கொள்கிறது, நடுவில் ஓர் உயிர் போகிறது.

சிகிச்சை எண்ணை மாற்றும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. வென்டிலேட்டரில் ஒவ்வொரு மூச்சின் அளவையும் நோயாளியின் உடல் உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 6 மில்லி என்று குறைத்ததாலேயே இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆனது. 2000-ல் வந்த அமெரிக்க ஆய்வு அது. கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். உள்ளவர்களை நாளுக்குப் பதினாறு மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்த பிரெஞ்சு ஆய்வில், 2013-ல், 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆக இறங்கியது. பாதிக்குப் பாதி. அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தங்கை அழுததாக எழுதியிருந்தீர்கள். அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அது நம்பிக்கையோடு செய்யும் வேலை என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்? ஐ.சி.யூ. டாக்டர் பேசக் கூப்பிடும்போது ஸ்கோர் எவ்வளவு என்று கேட்பதைவிட, பிரஷர் மருந்தின் அளவு நேற்றைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். லாக்டேட் இறங்குகிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது, எத்தனை சதவீத ஆக்சிஜனில் வைத்திருக்கிறார்கள், குப்புறப் போட்ட பிறகு ரேஷியோ ஏறியதா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் கிடைக்கும், எந்த டாக்டரும் எரிச்சல்பட மாட்டார்.

லாக்டேட் பார்க்க வசதியில்லாத சிறிய மலை மருத்துவமனைகளில் பணியாற்றும் இளம் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நோயாளியின் ஆள்காட்டி விரல் நுனியை, நகத்துக்கு எதிர்ப்பக்கச் சதையில், ஒரு கண்ணாடி ஸ்லைடால் வெளுக்கும்வரை அழுத்தி, பத்து வினாடி வைத்திருந்து விடுங்கள். நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் உறுப்புகளுக்குப் போதவில்லை. 2019-ல் தென் அமெரிக்காவில் இதை வைத்துச் சிகிச்சையை நடத்தியவர்களையும், லாக்டேட்டை வைத்து நடத்தியவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பு 34.9 சதவீதம், 43.4 சதவீதம். புள்ளியியல் கோட்டை நூலிழையில் தொடவில்லை என்றாலும், காசு செலவில்லாத ஒரு விரல் சோதனை விலையுயர்ந்த டெஸ்டுக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. ஊட்டிக் குளிரில் விரலைச் சற்றுச் சூடாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியை டாக்டர் உங்களிடம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: காய்ச்சலுக்கு இரண்டு வாரம் முன்பு அம்மா எப்படி இருந்தார்? லைன் வீட்டிலிருந்து மேட்டுக்கு ஏறி, மாலை வரை கொழுந்து பறித்து, வீட்டு வேலையும் பார்த்தவர். ஒரே ஸ்கோர் உள்ள இருவரில், பாத்ரூம் போகவே துணை தேவைப்பட்டவரைவிட இப்படிப்பட்டவர் மீள்வதற்கான வாய்ப்பு அதிகம். சோஃபாவில் இதற்குக் கட்டமே இல்லை.

பெரியப்பா சொல்வதைப் பற்றி. அவர் அன்பினால்தான் சொல்கிறார், அவரோடு சண்டை போடாதீர்கள். வென்டிலேட்டரைக் கழற்றி மலையேற்றினால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவருக்குப் புரிய வையுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற ஏற காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் உடம்பு வளைவுப் பாதையில், வண்டிக்குள் திணறும். கஷ்டப்படுத்த வேண்டாம் என்ற அவருடைய எண்ணத்துக்கே அது எதிராகப் போகும். மூன்று நான்கு நாள் கழித்தும் பிரஷர் மருந்து ஏறிக்கொண்டே போய், சிறுநீரகமும் நின்று, குப்புறப் போட்டும் பலனில்லை என்றால் அப்போது பேச்சு வேறு. சிகிச்சையை மேலும் கூட்டாமல் நிறுத்துவது பற்றி 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2023-ல் அந்த நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துக் குடும்பத்தின் சம்மதத்தோடு முடிவெடுப்பார்கள். வலியும் திணறலும் இல்லாமல் மருந்து கொடுத்து, குடும்பம் பக்கத்தில் இருக்க, மருத்துவமனையிலேயே விடைபெற வைக்க முடியும். அந்தப் பேச்சு வந்தால் தயங்காமல் பேசுங்கள். இன்று அதற்கான நாள் இல்லை.

செலவு கழுத்தை நெரிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் இன்றே காட்டுங்கள். முடியாத கட்டம் வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் கோவை அரசு மருத்துவமனை ஐ.சி.யூ.வில் இடம் இருக்கிறதா என்று இப்போதைய டாக்டரையே போனில் கேட்கச் சொல்லுங்கள். வென்டிலேட்டரோடு ஒரே ஊருக்குள் மாற்றுவது மலையேற்றுவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

நாளைக் காலை ரவுண்ட்ஸுக்கு முன்பு ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, மூச்சுத்திணறல் தொடங்கிய நேரம், தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரைகளின் பெயர், ஊட்டியில் முதல் டாக்சிசைக்ளின் ஏறிய நேரம், அங்கே எடுத்த ஏ.பி.ஜி. சீட்டு. சீட்டின் ஓரத்தில் 'ஊட்டியில் எடுத்தது' என்று பெரிதாக எழுதுங்கள். முதல் டோஸ் ஏறி எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தெரிந்தால்தான், இறங்க வேண்டிய காய்ச்சல் இறங்கவில்லையே, வேறு தொற்றும் சேர்ந்திருக்கிறதா என்று அவர்களால் யோசிக்க முடியும்.